கார்ட் மாற்றும்போது பாட்டு ஏன் நிற்கிறது? புதிதாகக் கிட்டார் பிடிப்பவர்களுக்கு

என் தங்கை மகன் கிட்டார் வாசித்தால், கூடப் பாடுகிறவர்கள் ஒவ்வொரு வரியின் நடுவிலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஜி கார்ட் வாசிப்பான், நன்றாகத்தான் இருக்கும். (கார்ட் என்பது விரல்களை ஒரு வடிவில் வைத்துப் பல கம்பிகளைச் சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு; ஜி, சி எல்லாம் அவற்றின் பெயர்கள்.) அடுத்து சி வர வேண்டிய இடத்தில் கை நின்றுவிடும். மோதிர விரல் போய் உட்காரும், அப்புறம் நடுவிரல், கடைசியில் ஆட்காட்டி விரல். மூன்றும் உட்கார்ந்து முடித்ததும் நிமிர்ந்து பார்த்து, "ம், பாடு" என்பான். போன பொங்கல் விடுமுறையில் சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் ஒரே பாட்டை இப்படி அரை மணி நேரம் இழுத்தான். கடைசியில் "ஸ்பீடு வரல மாமா" என்று கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டான்.

வேகத்துக்கு அவனிடம் குறைச்சல் இல்லை. போனில் கேம் ஆடும்போது அதே விரல்கள் பாய்கிற பாய்ச்சலைப் பார்த்திருக்கிறேன். கிட்டாரில் அந்த விரல்களுக்கு அவன் கொடுக்கிற வேலைதான் அதிகம்.

குடியாத்தத்தில் என் அத்தை ஒருவர் பீடி சுற்றுவார். மடியில் முறம், அதில் வெட்டிய இலை, தூள், நூல். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. அதனால் கை ஓடினால்தான் காசு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவர் கை அவசரப்படுவதே தெரியாது. இலையை எடுக்கும் விரல் இலைக்குப் பக்கத்திலேயே இருக்கும், நூலை எடுக்கும் விரல் நூலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். கண் டிவியில் இருக்கும். கார்ட் மாற்றுவதும் அந்த மாதிரிக் கைவேலைதான். இந்தக் கட்டுரை முழுக்க நான் சொல்லப் போவது, விரல்களுக்கு இருக்கும் வேலையை எங்கெங்கே குறைக்கலாம் என்பதைத்தான்.

நான் சொல்கிற கணக்கில் மெல்லிய கம்பி முதல் கம்பி, தடித்த கம்பி ஆறாவது. ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடு; தலைப் பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். விரல் வைக்கிற, அதற்கு முந்தின கட்டத்தையும் அதே எண்ணால்தான் சொல்வேன். இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கையை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிட்டாரைச் சந்தேகப்படுங்கள்

நான் முதலில் வாங்கிய மலிவான கிட்டாரில் கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் பென்சிலே நுழையும். ஆறு மாதம் என் விரலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்து ஸ்கேலை எடுத்து 12-ஆவது ஃப்ரெட்டின் மேல் நிறுத்துங்கள். ஃப்ரெட்டின் உச்சிக்கும் ஆறாவது கம்பியின் அடிப்பக்கத்துக்கும் நடுவே சுமார் இரண்டரை மில்லிமீட்டர், முதல் கம்பிக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் அக்கூஸ்டிக் கிட்டாருக்கு அது வசதியான உயரம். 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொரு சோதனை. ஒரு கம்பியை 3-ஆவது ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் அது எவ்வளவு தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று பாருங்கள். மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். அதற்கு மேல் நன்றாகவே தெரிந்தால் தலைப் பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பட்டையான நட்டில் உள்ள பள்ளங்கள் ஆழமாக இல்லை என்று அர்த்தம். புதியவர்கள் வாசிக்கிற கார்ட்டெல்லாம் முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள்தான் இருப்பதால், இந்த ஒரு கோளாறே பாதி கஷ்டத்தைக் கொடுக்கும்.

கம்பி மாற்றும்போது 12 செட்டுக்குப் பதில் 10 செட் கேளுங்கள். முதல் கம்பியின் கனம் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கா 10 பங்கா என்பதுதான் அந்த எண். சத்தம் கொஞ்சம் மெலிதாகும், விரலுக்கு நிம்மதியாக இருக்கும். கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒரே ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) இருந்தால் 2-ஆவது ஃப்ரெட்டில் மாட்டிப் பழகலாம். முழு அளவுக் கிட்டாரில் முதல் ஃப்ரெட்டின் அகலம் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர், மூன்றாவதின் அகலம் 32. கேப்போ போட்டால் உங்கள் முதல் ஃப்ரெட் அந்த 32-இல் தொடங்கும், கம்பியும் தாழும். சுருதி மட்டும் இரண்டு அரைச்சுரம் ஏறும். தனியாகப் பழகும்போது அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. கை பழகியதும் கழற்றிவிடுங்கள்.

எவ்வளவு அழுத்த வேண்டும்

எனக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்தவர் ஒரு சர்ச் பாடகர் குழுவில் வாசித்த அண்ணன். என் இடது கையை முதன்முதலில் பார்த்தபோது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இன்னாப்பா இது, பாகாயம் பஸ்ல கம்பிய புடிச்சிக்கினு தொங்கற மாதிரி கீது." உண்மையிலேயே அப்படித்தான் பிடித்திருந்தேன். கட்டைவிரல் நுனி வெளுத்துப் போயிருக்கும். இறுக்கிப் பிடித்த விரலைக் கம்பியிலிருந்து பிய்த்து எடுக்கவே நேரம் ஆகும், அடுத்த இடத்துக்குப் போவது அதற்குப் பிறகுதான்.

அவர் செய்யச் சொன்ன சோதனை இது. மூன்றாவது கம்பியின் 2-ஆவது ஃப்ரெட்டில் ஆட்காட்டி விரலைச் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். வலது கையால் மீட்டினால் "டப்" என்று செத்த ஒலி வரும். மீட்டிக்கொண்டே இருங்கள், அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதலில் கரகரக்கும், அப்புறம் ஓரிடத்தில் சட்டென்று தெளிந்துவிடும். அங்கே நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. இப்போது விரலை ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டிய மாதிரி முன்னே தள்ளி அதே சோதனையைச் செய்யுங்கள், இன்னும் குறைவாக அழுத்தினாலே தெளிந்துவிடும். விரலை எங்கே வைக்கிறோம் என்பது சரியாக இருந்தால் பலம் பெரிதாகத் தேவைப்படாது.

கட்டைவிரல் கழுத்தின் பின்னால் நடுவிரலுக்கு ஏறக்குறைய எதிரே இருக்கட்டும். விரல் நுனி கம்பிமேல் செங்குத்தாக இறங்கட்டும், படுத்தால் பக்கத்துக் கம்பியை அடைத்துவிடும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கிட்டாரின் கழுத்தை இடது கை தாங்கக் கூடாது. எடையை மடியும் வலது முழங்கையும் ஏற்றுக்கொண்டால்தான் இடது கை சுதந்திரமாக நகரும். விரல் நுனி எரிவது சகஜம், மூன்று நான்கு வாரத்தில் தோல் தடித்துவிடும். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலித்தால் அதைப் பொறுத்துக்கொள்ளாதீர்கள். வாசிப்பதை நிறுத்திவிட்டு, பிடியைத் தளர்த்திப் பாருங்கள்.

நம் ஊருக்கு மட்டும் ஒரு வார்த்தை. அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் மதியம் மூன்று மணிக்குக் கிட்டார் எடுத்தால் விரல் வியர்வையில் வழுக்கும், அதைச் சமாளிக்க இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள். விடியற்காலையிலோ ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகோ வாசியுங்கள். மடியில் ஒரு துண்டு இருக்கட்டும். வாசித்து முடித்ததும் கம்பிகளை அந்தத் துண்டால் துடைத்து வைத்தால் துருப் பிடிப்பதும் குறையும். துருப் பிடித்த கம்பியில் விரல் சறுக்காது, மாற்றம் தடங்கும்.

எந்த விரலை நகர்த்தவே வேண்டாம்?

இதுதான் முக்கியமான பகுதி. வேறெதையும் படிக்க நேரமில்லாவிட்டால் இதை மட்டும் கிட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

புதியவர்கள் ஒரு கார்ட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது எல்லா விரல்களையும் எடுத்துவிட்டு, வெறும் கையோடு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள். இரண்டு கார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பல ஜோடிகளில் ஒன்றிரண்டு விரல்களுக்கு நகர வேண்டிய அவசியமே இல்லை.

சி-யும் ஏ மைனரும். சி-க்கு மோதிர விரல் 5-ஆம் கம்பி 3-ஆம் ஃப்ரெட்டில், நடுவிரல் 4-ஆம் கம்பி 2-இல், ஆட்காட்டி 2-ஆம் கம்பி 1-இல். ஏ மைனருக்கு நடுவிரலும் ஆட்காட்டியும் அதே இடங்களில்தான். மோதிர விரல் மட்டும் 3-ஆம் கம்பியின் 2-ஆம் ஃப்ரெட்டுக்கு வர வேண்டும். ஒரே ஒரு விரல்! இதை மூன்று விரலையும் தூக்கி மாற்றுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். முதல் நாள் பயிற்சிக்கு இந்த ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ மைனரும் ஈ-யும். இங்கே விரல்களின் வடிவம் அப்படியே இருக்கும். மூன்று விரலும் சேர்ந்து ஒரு கம்பி தடித்த பக்கம் நகர்ந்தால் ஏ மைனர் ஈ ஆகிவிடும். அடுக்கு கலையாமல் தட்டை நகர்த்துவது போல நகர்த்துங்கள்.

ஏ, டி, ஈ. இந்த மூன்றும் சேர்ந்து வருகிற பாட்டுகள் ஏராளம். ஏ-யைப் பெரும்பாலும் ஆட்காட்டி, நடு, மோதிரம் என்ற வரிசையில் சொல்லித் தருவார்கள். நான் மாற்றி வைக்கச் சொல்வேன்: நடுவிரல் 4-ஆம் கம்பி, ஆட்காட்டி 3-ஆம் கம்பி, மோதிரம் 2-ஆம் கம்பி, எல்லாம் 2-ஆம் ஃப்ரெட்டில். கொஞ்சம் நெருக்கடியாக இருக்கும். ஆனால் டி-க்குப் போகும்போது ஆட்காட்டி அங்கேயே இருக்கும், மோதிர விரல் 2-ஆம் கம்பியிலேயே ஒரு ஃப்ரெட் முன்னே வழுக்கி 3-க்குப் போகும், நடுவிரல் மட்டும் முதல் கம்பிக்குத் தாவும். ஈ-க்குப் போகும்போது ஆட்காட்டி அதே 3-ஆம் கம்பியில் ஒரு ஃப்ரெட் பின்னால் வழுக்கும், மற்ற இரண்டும் அதற்குப் பின்னாலேயே வந்து சேரும். கம்பியை விடாமல் லேசாகத் தொட்டபடி வழுக்கிப் போகிற விரலுக்கு, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிறவன் மாதிரி வழி தப்பாது.

இப்போது என் மருமகனின் வில்லன், ஜி-யும் சி-யும். ஜி-யை இரண்டு மூன்று விதமாகப் பிடிக்கலாம். அவன் பிடித்தது நடுவிரல் 6-ஆம் கம்பி 3-இல், ஆட்காட்டி 5-ஆம் கம்பி 2-இல், மோதிரம் முதல் கம்பி 3-இல். அங்கிருந்து சி-க்குப் போக மூன்று விரலும் மூன்று திசையில் ஓட வேண்டும். அதற்குப் பதில் மோதிர விரலை 6-ஆம் கம்பி 3-இல் வைத்து, நடுவிரலை 5-ஆம் கம்பி 2-இல் வைத்து, முதல் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட்டைச் சுண்டுவிரலிடம் கொடுங்கள். சுண்டுவிரல் முதலில் முரண்டு பிடிக்கும், ஒரு வாரம் கொடுங்கள். இனி சி-க்குப் போவது எப்படி என்று பாருங்கள்: மோதிரமும் நடுவிரலும் ஜோடியாக மெல்லிய பக்கம் ஒரு கம்பி இறங்கும், ஆட்காட்டி 2-ஆம் கம்பியில் உட்காரும், சுண்டுவிரல் எழுந்துகொள்ளும். அவ்வளவுதான்.

அப்படியானால் பழைய ஜி தப்பா என்றால், இல்லை. ஈ மைனரை ஆட்காட்டி 5-ஆம் கம்பியிலும் நடுவிரல் 4-ஆம் கம்பியிலுமாகப் பிடிக்கிறவருக்குப் பழைய ஜி-தான் பக்கம். ஆட்காட்டி 5-ஆம் கம்பியிலேயே தங்கிவிடும். ஆக, அடுத்து எந்த கார்ட் வருகிறதோ அதை வைத்துத்தான் இந்த கார்ட்டை எப்படிப் பிடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். ஆரம்பப் பாடங்களில் ஒவ்வொரு கார்ட்டையும் தனித்தனிப் படமாகத்தான் காட்டுவார்கள். இந்த விஷயம் அதில் தெரியவே தெரியாது.

இன்னும் சோம்பேறித்தனமான வழி ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. மோதிர விரலை 2-ஆம் கம்பி 3-ஆம் ஃப்ரெட்டில் நட்டுவிடுங்கள், சுண்டுவிரலை முதல் கம்பி 3-ஆம் ஃப்ரெட்டில். மீதி இரண்டு விரலை வைத்தே மூன்று கார்ட் வாசிக்கலாம். நடுவிரல் 6-ஆம் கம்பி 3-இலும் ஆட்காட்டி 5-ஆம் கம்பி 2-இலும் இருந்தால் ஜி. இரண்டும் ஒரு கம்பி இறங்கினால், அதாவது 5-ஆம் கம்பி 3-இலும் 4-ஆம் கம்பி 2-இலும், சி ஆட் நைன். ஆட்காட்டி 5-ஆம் கம்பி 2-இலும் நடுவிரல் 4-ஆம் கம்பி 2-இலும் இருந்தால் ஈ மைனர் செவன். டி வேண்டுமென்றால் சுண்டுவிரல் எழும், ஆட்காட்டி 3-ஆம் கம்பி 2-க்கும் நடுவிரல் முதல் கம்பி 2-க்கும் போகும், மோதிர விரல் அப்போதும் அசையாது. சி இருக்கும் இடத்தில் சி ஆட் நைனும், ஈ மைனர் இருக்கும் இடத்தில் ஈ மைனர் செவனும் பெரும்பாலான பாட்டுக்குப் பொருந்தும். காதுக்கு உறுத்தினால் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த நான்கை வைத்துக்கொண்டு வீட்டு விசேஷத்திலோ சர்ச்சிலோ ஒரு மாலைப் பொழுதை ஓட்டிவிடலாம்.

உங்கள் பாட்டில் உள்ள ஒவ்வொரு ஜோடிக்கும் இப்படி எழுதி வையுங்கள்: எந்த விரல் தங்குகிறது, எது வழுக்குகிறது, எது தாவுகிறது. தங்குகிற விரல் எதுவுமே இல்லாத ஜோடிகளும் உண்டு, சி-யிலிருந்து டி-க்குப் போவது அப்படி. அவற்றுக்குத்தான் அடுத்த பயிற்சி.

விரல்கள் ஒன்றாக இறங்க

சி-யைப் பிடியுங்கள். ஒருமுறை மீட்டிச் சரிபாருங்கள். இப்போது அழுத்தத்தை மட்டும் விடுங்கள், விரல்கள் கம்பியைத் தொட்டுக்கொண்டே இருக்கட்டும். மறுபடி அழுத்துங்கள். பத்து முறை. அடுத்து விரல்களை அரை சென்டிமீட்டர் தூக்கி, வடிவம் கலையாமல் காற்றில் நிறுத்தி, ஒன்றாக இறக்குங்கள். பத்து முறை. அப்புறம் இரண்டு சென்டிமீட்டர். கடைசியாகக் கையை முழங்காலில் வைத்து, அங்கிருந்து நேராக வந்து சி-யில் உட்காருங்கள். காற்றில் வரும்போதே விரல்கள் சி வடிவத்துக்கு வந்துவிட வேண்டும். கம்பியைத் தொட்ட பிறகு யோசித்தால் தாமதம்தான்.

மூன்றும் ஒன்றாக இறங்காமல் ஒன்று மட்டும் பின்தங்கினால், அது எந்த விரல் என்று கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அதிக தூரம் போகிற விரலாகத்தான் இருக்கும். அடுத்த பத்து தடவை அந்த விரலை முதலில் அனுப்புங்கள், மற்றவை தானாகப் பின்னால் வரும். எப்படியும் ஒரு விரல்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும் என்றால், தடித்த கம்பியில் உட்காருகிற விரல் முதலில் போகட்டும். மேலிருந்து கீழே மீட்டும்போது அந்தக் கம்பிதான் முதலில் ஒலிக்கும். மற்ற விரல்களுக்குக் கண் சிமிட்டும் நேரமாவது கிடைக்கும்.

விரலைப் பார்த்துக்கொண்டே மாற்றுகிறவர்கள் பாடும்போது தடுமாறுவார்கள். எங்கள் வீட்டில் கரண்ட் போனால் நான் கிட்டாரை எடுப்பது இதற்காகத்தான். இருட்டில் கை தானாக வழி கண்டுபிடிக்கப் பழகும். கரண்ட் போகாத வீட்டுக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸ்ஸில் காட்பாடியிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போய் வந்த காலத்தில், வலது மணிக்கட்டைக் கிட்டார் கழுத்தாக நினைத்து இடது விரல்களால் கார்ட் மாற்றிக்கொண்டே போவேன். எதிர் சீட்டுக்காரர் ஒருவர், கை மரத்துப் போச்சா சார் என்று கேட்டார்.

ஒரு நிமிடக் கணக்கு

போனில் ஒரு நிமிட டைமர் வையுங்கள். ஒரே ஒரு ஜோடி. முதல் கார்ட், ஒரு மீட்டல், இரண்டாவது கார்ட், ஒரு மீட்டல், மறுபடி முதல். ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணுங்கள். முடிந்ததும் எண்ணை நோட்டில் தேதியோடு எழுதுங்கள். பல ஆசிரியர்கள் கொடுக்கிற பழைய பயிற்சிதான், ஆனால் முன்னேற்றத்தை இவ்வளவு நேர்மையாகக் காட்டுவது வேறில்லை.

முதல் நாள் 10, 12 வந்தால் மனம் தளர வேண்டாம். ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நிமிடத்துக்கு 80 தட்டு ஓடும் நான்கு தட்டுப் பாட்டில், ஒரு சுற்றுக்கு ஒரு கார்ட் என்றால் நிமிடத்துக்கு 20 மாற்றம்தான் தேவை. 30 வந்துவிட்டாலே அந்தப் பாட்டை வாசிக்கத் தொடங்கலாம். 60 வந்துவிட்டால் அந்த ஜோடியைப் பற்றி யோசிப்பதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

ஒலி சுத்தமாக இல்லாவிட்டால் எண்ணலாமா? நான் ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றிச் செய்யச் சொல்வேன். ஒருநாள் எண்ணிக்கைக்காக, கொஞ்சம் கரகரத்தாலும் பரவாயில்லை. மறுநாள் டைமர் இல்லாமல், ஒவ்வொரு கம்பியும் தெளிவாக ஒலிக்கும் வரை மெதுவாக. இரண்டையும் ஒரே நாளில் எதிர்பார்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

வலது கை நிற்கக் கூடாது

பாட்டு நிற்பது உண்மையில் இடது கையால் அல்ல. இடது கைக்காக வலது கை காத்திருப்பதால்தான். காட்பாடியில் வண்டி இரண்டு நிமிடம் நிற்கும், டீ வாங்கப் போனவருக்காக மூன்றாவது நிமிடம் நிற்காது. வலது கையும் அப்படித்தான் இருக்க வேண்டும். இடது கை வந்து சேர்ந்ததோ இல்லையோ, தட்டு வந்தால் மீட்ட வேண்டும்.

ஒன்று இரண்டு என்று எண்ணுவதைவிட எனக்குத் தகதிமி வசதி. மெட்ரோனோமை (சீராகத் தட்டு கொடுக்கும் கருவி) நிமிடத்துக்கு 60-இல் வைத்து வாயால் "த க தி மி" சொல்லுங்கள். "த"வில் மட்டும் ஒருமுறை மீட்டுங்கள். "க" வரை ஒலி ஓடட்டும். "தி"யில் விரல்களைத் தளர்த்துங்கள், "மி"யில் அடுத்த கார்ட்டில் உட்காருங்கள், அடுத்த "த"வில் மீட்டுங்கள். இரண்டு தட்டு முழுதாகக் கையில் இருக்கிறது, அவசரமே இல்லை. இது சரியாக வந்ததும் "க"விலும் மீட்டுங்கள், அப்புறம் "தி"யிலும். கடைசியில் நான்கு தட்டிலும் மீட்டும்போது மாற்றுவதற்கு "மி"யின் பின்பாதி மட்டுமே மிஞ்சும். அந்தப் பின்பாதியில் கை கம்பிகளை விட்டுவிட்டுத் திறந்த கம்பிகள் ஒலித்தால் ஒலிக்கட்டும். தேர்ந்த வாசிப்பைக் கவனித்துக் கேட்டால் அங்கேயும் மாற்றத்துக்கு முந்தின அரைத் தட்டில் இந்தத் திறந்த கம்பி ஒலி அடிக்கடி இருக்கும், நாம்தான் கவனித்திருக்க மாட்டோம்.

ஆறு தட்டில் ஓடும் பாட்டுகள் நம்மிடம் நிறைய உண்டு. அவற்றுக்கு "தகிட தகிட" சொல்லி, இரண்டாவது "ட"வில் மாற்றுங்கள்.

இடது கை சரியான நேரத்துக்கு வரவில்லையா, விரல்களைக் கம்பிமேல் சும்மா வைத்து "சக்" என்று செத்த ஒலியாவது மீட்டிவிட்டுப் போங்கள். தாளம் உடையாமல் இருந்தால் கேட்கிறவர் மன்னித்துவிடுவார், தாளம் நின்றால் குழந்தைகூடத் திரும்பிப் பார்க்கும். தொடர்ந்து தவறினால் மெட்ரோனோமை ஐந்து குறையுங்கள். தவறில்லாமல் நான்கு சுற்று வந்தால் ஐந்து கூட்டுங்கள்.

எஃப்-ஐப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு

முழு எஃப்-க்கு ஆட்காட்டி விரல் ஆறு கம்பியையும் அடைக்க வேண்டும். முதல் இரண்டு மாதத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. எஃப் மேஜர் செவன் போதும்: மோதிரம் 4-ஆம் கம்பி 3-இல், நடுவிரல் 3-ஆம் கம்பி 2-இல், ஆட்காட்டி 2-ஆம் கம்பி 1-இல், முதல் கம்பி திறந்தபடி. 5, 6-ஆம் கம்பிகளை மீட்ட வேண்டாம். சி-யிலிருந்து வரும்போது ஆட்காட்டி நகராது, மற்ற இரண்டும் ஒரு கம்பி இறங்கினால் போதும். இது கைக்கு வந்த பிறகு ஆட்காட்டியைச் சாய்த்து முதல் இரண்டு கம்பியையும் அடைத்தால் சின்ன எஃப். முழு எஃப் அப்புறம் வரட்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு

ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருகிறவரைவிட, தினமும் 15 நிமிடம் உட்காருகிறவர் சீக்கிரம் முன்னேறுவதைத்தான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு நிமிடம் ட்யூன் செய்யவும் காற்றில் கார்ட் பிடிக்கவும். அடுத்து மூன்று ஜோடிக்கு ஒரு நிமிடக் கணக்கு, நடுவே கையை உதறிக்கொள்ளுங்கள். அப்புறம் தகதிமியில் ஐந்து நிமிடம். மீதி நேரம் பாட்டு.

பாட்டு என்றதும் எல்லோரும் முதல் வரியிலிருந்து தொடங்குவார்கள். முதல் வரி ஏற்கெனவே வரும். அதையே நூறு முறை வாசித்து, இடறுகிற இடத்தை நூறு முறை இடறி, இடறுவதையே பழக்கமாக்கிக்கொள்வோம். ஒரு பாட்டில் கஷ்டமான மாற்றம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அதற்கு முந்தின இரண்டு தட்டு, பிந்தின இரண்டு தட்டு, இதை மட்டும் வெட்டி எடுத்துச் சுற்றிச் சுற்றி வாசியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை போனில் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது தெரியாத தயக்கமெல்லாம் அதில் அப்பட்டமாகக் கேட்கும்.

மருமகனும் அப்படி ஒரு பதிவைப் போன வாரம் அனுப்பினான். ஜி-சி ஓடிவிட்டது. டி-யிலிருந்து ஏ மைனருக்கு வரும்போது மட்டும் ஒரு சின்ன இடறல். எந்த விரல் கடைசியாக வருகிறது என்று போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை, கம்பி மட்டும் இரண்டு முறை ஒலித்தது. "நடுவிரல் மாமா. ஒண்ணாங் கம்பியிலேர்ந்து நாலாங் கம்பிக்கு வரணும், அதான்."

அதையே முதலில் அனுப்பு என்றேன்.